காத்திருத்தலும் காத்தலும்
சுமத்திராக் காட்டில் 1878ஆம் ஆண்டு இத்தாலியத் தாவரவியலார் பெக்காரி கண்ட பேருருவப் பூ, நம் சேனைக்கிழங்கின் உறவேயாகும். இலண்டன் கியூ தோட்டத்தில் 1889இல் அது மலர்ந்தது. 1926இல் மீண்டும் மலர்ந்தபோது, திரண்ட மக்களை ஒழுங்குபடுத்தக் காவலர் வரவேண்டியதாயிற்று.

விதையிட்டுப் பூக்காணப் பெரும்பாலும் ஏழு முதல் பத்தாண்டுகள் ஆகும். விரிந்த மடலோ இரண்டொரு நாளில் வாடிவிடும். அழுகிய ஊனென நாறுவதும் குறையன்று. மகரந்தம் சேர்க்கும் வண்டுகளை அழைக்கும் வழியே அது.

கூட்டம் காண்பது ஒரு நாள் வியப்பு. தோட்டக்காரர் நோற்பதோ பத்தாண்டுத் தவம். மாணவச் செல்வங்களே, கல்விக்கும் இப்பொறுமையே வேண்டும். ஆயினும் பொறுமை மட்டும் போதாது. தாயகக் காடு சுருங்கியதால், 2018இல் இப்பூவினம் அழிவின் விளிம்பை நெருங்கும் உயிர்களின் பட்டியலில் இடம்பெற்றது. கண்ணாடி மனையில் பூவுக்குக் காத்திருப்போர், காட்டைக் காக்கவும் கற்றல் வேண்டுமென்பதே நம் துணிபு.