எருவும் இடக்கரடக்கலும்

விழா மலரொன்றிலே மலசலத்தைப் பற்றி எழுதப் புகுவது தகுமோ என்று அன்பர் சிலர் வினவக்கூடும். சொல்லத் தகாததைப் பிறிதொரு சொல்லால் மறைத்துக் கூறுதலை இடக்கரடக்கல் என்று பெயரிட்டுத் தகுதி வழக்கினுள் வைத்தது நன்னூல். அவ்விலக்கணத்தை ஆண்டுதோறும் வகுப்பிலே கற்பிப்பவர் யாம். ஆயினும், சொல்லை மறைக்கப் பழகிய நாம் பொருளையும் மறந்துவிட்டோம் என்பதே எமது முறைப்பாடு.

பயிருக்கு இன்றியமையாத உணவுகளுள் ஒன்று பொசுபரசு. நைதரசனை ஆலைகள் காற்றிலிருந்து பிடித்துத் தருகின்றன. பொசுபரசுக்கு அத்தகைய ஊற்று இல்லை; பாறையை அகழ்ந்தே எடுத்தல் வேண்டும். உலகில் அறியப்பட்ட பொசுபேற்றுப் பாறையிருப்பிற் பத்தில் ஏழு பங்களவு மொரோக்கோவிலும் மேற்குச் சகாராவிலும் கிடக்கின்றது. நம் நாட்டில் எப்பாவலையிலும் 1971 ஆம் ஆண்டு இப்பாறை கண்டறியப்பட்டது. ஆனால் அஃது எளிதிற் கரையாது. அமில மண்ணில் நெடுங்காலம் நிற்கும் தேயிலைக்கும் தென்னைக்கும் உதவுமேயன்றி, சுண்ணக்கல்லின்மேற் கிடக்கும் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அதனால் வரும் பயன் சிறிது. எனவே ரீ.எஸ்.பி. மூடை கப்பலேறி வரவேண்டியிருக்கின்றது. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் அத்தடையை நீக்கியது. இடைப்பட்ட மாதங்களிற் கமக்காரர் பட்ட பாட்டை யாவரும் அறிவோம். இரசாயனமா இயற்கையா என்று அன்று நாடெங்கும் வாது நிகழ்ந்தது. வாதிட்டவர்கள் தாம் உண்ட சோற்றிலிருந்த பொசுபரசு எங்கே போயிற்று என்று, எம் செவிக்கெட்டியவரை, ஒருவரும் கேட்டிலர்.

அது போன இடம் மலசலகூடத்துக் குழி. வளர்ந்தவர் உடல், உண்ட பொசுபரசில் ஏறக்குறைய முழுவதையும் வெளியே தள்ளிவிடும். அதிற் பாதிக்கு மேற்பட்டது சிறுநீரிலே செல்லும். ஒருவருக்கு ஆண்டொன்றிற்கு 400 கிராம் என்று வைத்தாலும், 100 பேர் உண்டுறையும் விடுதியொன்றில் 40 கிலோ கழிகின்றது. 50 கிலோ நிறையுள்ள ரீ.எஸ்.பி. மூடை நான்கில் உள்ள அளவு இது. வளரும் பிள்ளைகள் எலும்பிலே சிறிது வைத்துக்கொள்வர்; விடுமுறை நாளும் உண்டு. மூடை மூன்றென்றே கொள்க.

இம்மூலகம் முதன்முதற் கிடைத்ததும் சிறுநீரிலேதான். 1669 ஆம் ஆண்டில் ஹம்பேர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் என்பவர் பொன்னாசையாற் சிறுநீரைக் காய்ச்சிப் பொசுபரசைக் கண்டார். இன்றைய முறையோ எளிது. தனியே சேர்த்த சிறுநீரில் மகனீசிய உப்பொன்றை இட்டுக் கலக்கினால் பொசுபேற்று வெண்பொடியாய் அடியிற் படியும். துணியால் வடித்து உலர்த்தினால் அதுவே பசளை. ஸ்ட்ரூவைற்று என்பர். நேபாளத்துச் சித்திப்பூரில் இதனைச் செய்து காட்டியுள்ளனர். உப்பு விளைந்தபின் உப்பளத்தில் எஞ்சும் கசப்பு நீரில் மகனீசியம் மிகுதி. அதற்கு நாம் ஆனையிறவைக் கடக்க வேண்டியதில்லை. நைதரசனிற் பெரும்பகுதி வடித்த நீரோடு போய்விடும் என்பதையும், கிருமி அழிய நன்கு உலர்த்த வேண்டும் என்பதையும் மறைக்கமாட்டோம். கழிவுநீர்ச் சேற்றிலிருந்து பொசுபரசை மீட்டல் வேண்டுமென்று சுவிற்சர்லாந்தில் 2016 ஆம் ஆண்டிலும் செருமனியில் 2017 ஆம் ஆண்டிலும் விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன.

இங்கே தடை இரசாயனத்தில் இல்லை. நம் பட்டினங்களில் வாளி வைத்த மலகூடங்கள் இருந்த காலத்தை மூத்த பழைய மாணவர் அறிவர். அவ்வாளியை எடுத்துச் சென்றவருக்கு நாம் கொடுத்தது இழிபெயர். அவர் பிள்ளைகளுக்குப் பள்ளி வாயில்கள் எளிதிலே திறக்கவில்லை. “மறுபடியும் ஒருவர் கையில் வாளியைக் கொடுக்கப் போகின்றீரோ?” என்று சக ஆசிரியர் ஒருவர் எம்மைக் கேட்டார். ஆசாரத்தின் பெயரால் வரும் அருவருப்பை யாம் பொருட்படுத்தோம். இவ்வினாவைப் பொருட்படுத்துகின்றோம். வாளி வேண்டா, குழாய் போதும். கலக்குதலும் வடித்தலும் உலர்த்தலும் கூலிக்கு அமர்த்திய நகரசுத்தித் தொழிலாளரின் தலையில் விழலாகாது. ஆசிரியரும் மாணவரும் முறைவைத்துச் செய்தல் வேண்டும். முதல் முறை எமதாகுக.

விழா நினைவாகப் பழைய மாணவர் சங்கத்தார் தோரணவாயில் ஒன்று எழுப்பக் கருதுவதாக அறிகின்றோம். தூண்களின் உயரத்தைச் சற்றே குறைத்து, விடுதிச் சிறுநீர்கூடத்துக்கு ஒரு தனிக் குழாயும் இரண்டு தொட்டிகளும் அமைத்துத் தருமாறு வேண்டுகின்றோம். முதலிற் கிடைக்கும் பொடியை விடுதித் தோட்டத்துக் கத்தரிக்கு இடலாம். அக்கத்தரிக்காய்க் கறியைப் பிள்ளைகளோடு பந்தியிலிருந்து யாமும் உண்போம்.