கப்பலில் வந்தவர்களும் தோணியில் வந்தவர்களும்

தி.நகர் வடக்கு உஸ்மான் சாலையில் நகைக்கும் புடவைக்கும் அலைகிற கூட்டம் ரெப்கோ வங்கியின் தலைமையகத்தைத் தாண்டித்தான் போகிறது. அந்த வங்கி எதற்காகப் பிறந்தது என்று கேட்டால், அதில் நகைக்கடன் வாங்கியவர்களிலேயே பலருக்குத் தெரிந்திருக்காது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வெறுங்கையோடு வந்து இறங்கிய தமிழர்களுக்குக் கடன் கொடுத்துத் தூக்கிவிடுவதற்காக 1969 நவம்பரில் மத்திய அரசு ஏற்படுத்திய கூட்டுறவு நிறுவனம் அது. இன்றைக்கும் மத்திய உள்துறையின் மேற்பார்வையில்தான் இருக்கிறது. தமிழ்நாடு, ஆந்திரம், கேரளம், கர்நாடகம் ஆகிய மாநில அரசுகளுக்கும் அதில் பங்கு உண்டு. அதன் வீட்டுக்கடன் நிறுவனம் 2013இல் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. கூரை இல்லாமல் வந்தவர்களுக்காகத் தொடங்கியது, இப்போது ஊருக்கெல்லாம் வீடு கட்டக் கடன் தருகிறது.

அதே தி.நகரிலும் அடையாற்றிலும் அடுக்குமாடிகளுக்குப் பெயிண்ட் அடிக்கச் சாரத்தில் ஏறுகிறவர்களில் ஈழத்திலிருந்து வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் உண்டு. கும்மிடிப்பூண்டி, புழல் அகதி முகாம்களிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி வருகிறார்கள். தமிழ்நாடு முழுக்க முகாம் ஆண்களுக்குப் பெயிண்டிங்தான் முதல் தொழில். பட்டப்படிப்பு முடித்தவர்களும் அதில் இருக்கிறார்கள். தினக்கூலி, அடையாளச் சான்று கேட்காத மேஸ்திரி, முகாமில் தலை எண்ணும் நாளில் லீவு போட்டால் யாரும் வேலையை விட்டு நிறுத்த மாட்டார்கள் என்ற வசதி. இந்த மூன்றும் சேர்ந்த வேலை வேறு அதிகம் கிடையாது.

பர்மாவிலிருந்து வந்தவர்கள், ஈழத்திலிருந்து வந்தவர்கள் என்ற இந்த இரண்டு கூட்டமும் தமிழர்கள்தாம். இரண்டும் அடிபட்டு, சொத்தை விட்டுவிட்டுக் கடல் தாண்டி வந்தவை. முதல் கூட்டம் ஒரே தலைமுறையில் ஊரோடு கரைந்துவிட்டது. அடுத்தது மூன்றாம் தலைமுறையிலும் முகாம் பதிவேட்டில் இருக்கிறது. இந்த வித்தியாசத்துக்கு உழைப்பையோ சாமர்த்தியத்தையோ காரணம் சொல்வது சுலபம். ஆனால் அது பொய்.

பர்மா என்றவுடன் செட்டியார்களின் தேக்குமரத் தூண்கள்தாம் நினைவுக்கு வரும். 1930களின் முடிவில் கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ கால்பங்கு செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது உண்மை. ஆனால் 1960களில் கப்பலேறி வந்தவர்களில் பெரும்பாலோர் அவர்கள் அல்லர். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், வயல்கூலிகள், பெட்டிக்கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள். 1962 மார்ச்சில் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் வணிகமும் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். பல காலம் சேர்த்த பணம் ஒரே நாளில் வெறும் தாளானது. பணத்துக்கும் நகைக்கும் அங்கே கடும் கெடுபிடி. கப்பலில் வந்தவர்கள் கையில் பெட்டியும் படுக்கையும்தான் மிஞ்சின.

தமிழ்நாட்டுக்கு அப்படி வந்து சேர்ந்தவர்கள் சுமார் 1.44 லட்சம் பேர். தமிழ்நாட்டையே பார்த்திராத பிள்ளைகளும் அவர்களில் உண்டு. இங்கே பிழைக்க வழி தெரியாமல் சிலர் தரைவழியாகப் பர்மாவுக்கே திரும்பிப் போகப் பார்த்தார்கள். எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் மோரே நகரத்திலேயே தங்கிவிட்டார்கள். அங்கே இன்றைக்கும் தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கின்றன.

மற்றவர்களுக்குக் கிடைத்தவை பிரமாதமான சலுகைகள் அல்ல. தொழில் தொடங்கச் சிறு கடன், காலனியில் ஒரு வீட்டுமனை, சிலருக்கு நூற்பாலையில் வேலை. 1969இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிப் பர்மா பஜார் எழுந்தது. டேப்ரெக்கார்டரும் வெளிநாட்டு சென்ட்டும் வாங்க மயிலாப்பூர்க்காரர்கள் பாரிமுனைக்கு பஸ் ஏறிய காலம் அது. பர்மிய உணவுகளான அத்தோவும் மொய்ங்காவும் அந்த நடைபாதைகளிலிருந்து கிளம்பி இன்று தென்சென்னை வண்டிக்கடைகள்வரை வந்துவிட்டன. 1991க்குப் பிறகு வெளிநாட்டுச் சரக்கு எங்கும் கிடைக்கத் தொடங்கியதும் பஜாரின் மவுசு குறைந்தது. அதற்குள் பஜார்க்காரர்களின் பிள்ளைகள் சாதிச் சான்றிதழ் வாங்கி, தேர்வு எழுதி, அரசு வேலைக்கும் வங்கி வேலைக்கும் போயிருந்தார்கள். அவர்களுக்கு அந்தக் கதவு திறந்திருந்தது. மத்தியத் தேர்வாணைய அறிவிப்புகளில் இன்றைக்கும் ஒரு பழைய வரி வருகிறது. பர்மா, இலங்கை, கென்யா, உகாண்டா முதலிய நாடுகளிலிருந்து நிரந்தரமாகக் குடியேற வந்த இந்திய வம்சாவளியினர் தேர்வு எழுதலாம் என்கிறது அது. வியட்நாம்கூட அந்தப் பட்டியலில் உண்டு. சைகோனில் கடை வைத்திருந்த தமிழர்களும் சிறு எண்ணிக்கையில் திரும்பி வந்தார்கள்.

வடசென்னைக் காலனிகளில் இன்னமும் நெருக்கடியில் வாழும் பர்மா குடும்பங்கள் இருக்கின்றன. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து இந்தியக் குடிமக்களாக வந்த மலையகத் தமிழர்களின் நிலை அதைவிட மோசம். நான்கு லட்சத்துக்கும் மேல் வந்த அந்த மக்களில் ஒரு பகுதிக்குத்தான் நீலகிரியில் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. மற்றவர்களில் சிலர் கொடைக்கானல் மலையில் கொத்தடிமைகளாகவே சிக்கிய கதையும் உண்டு. குடியுரிமைத் தாள் சோறு போடாது என்பதற்கு அவர்களே சாட்சி. ஆனாலும் அவர்கள் வழக்குப் போட முடிந்தது, ஓட்டுப் போட முடிந்தது, நிலம் வாங்க முடிந்தது.

இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தோணியில் ராமேசுவரம் வந்து இறங்கியவர்களுக்கு இந்த ஊர் முதலில் காட்டியது வேறு முகம். கடைகளில் உண்டியல் வைத்தார்கள். கல்லூரி மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். போராளி இயக்கங்கள் அடையாற்றிலும் கோடம்பாக்கத்திலும் வீடெடுத்து அலுவலகம் நடத்தின. அதற்கும் முன்பே, 1982 மே 19 அன்று, பாண்டி பஜாரில் போராளித் தலைவர்கள் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் மோதிக்கொண்டு துப்பாக்கிச் சூடு நடந்தது. அதைக்கூட ஊர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு எல்லாம் தலைகீழானது. வாடகைக்கு வீடு கேட்டால் பேச்சை வைத்தே கதவைச் சாத்தினார்கள். முகாம்கள் காவல்துறையின் கியூ பிராஞ்ச் கண்காணிப்புக்குள் இறுகின. கொலைக்குக் காரணமானவர்கள் மீது வந்த நியாயமான கோபம், அப்போது பிறந்தே இராத குழந்தைகள் தலையில் வந்து விடிந்தது.

1983 முதல் 2010 வரை வந்தவர்கள் மூன்று லட்சத்துக்குச் சற்று அதிகம். பலர் திரும்பிவிட்டார்கள், பலர் வேறு நாடுகளுக்குப் போய்விட்டார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருப்பவர்கள் ஏறத்தாழ 58,000 பேர். காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வெளியே வாழ்பவர்கள் சுமார் 33,000. வளசரவாக்கம், விருகம்பாக்கம் பக்கம் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களைப் பார்த்தால் அகதி என்று தோன்றாது. டொரண்டோவிலோ லண்டனிலோ இருக்கிற அண்ணன் அனுப்பும் பணத்தில் பிள்ளை நல்ல பள்ளியில் படிக்கும். ஆனால் அந்தக் குடும்பமும் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் ஒரு ஃப்ளாட் வாங்க முடியாது. பணம் உள்ளவர்களுக்கே இந்த நிலை என்றால், பத்துக்குப் பத்து அறையில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இன்ஜினீயரிங் முடித்த முகாம் இளைஞனுக்குப் பாஸ்போர்ட் இல்லை, வாக்காளர் அட்டை இல்லை, அரசு வேலைக்கு விண்ணப்பிக்கத் தகுதி இல்லை. தனியார் நிறுவனமும் ‘நேஷனாலிட்டி’ என்ற கட்டத்தைப் பார்த்ததும் யோசிக்கும். கடைசியில் பிரஷ்ஷும் ரோலரும்தான்.

சட்டத்தின் விசித்திரத்தை ஒரே குடும்பத்துக்குள் பார்க்கலாம். இந்திய மண்ணில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்த எவரும் பிறப்பாலேயே குடிமக்கள். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், பின்னாளில் திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் இதைச் சொன்னார். 2022இல் அவருக்குப் பாஸ்போர்ட் வழங்க உத்தரவானது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். அதே முகாமில் அகதிப் பெற்றோருக்கு 1988இல் பிறந்தவர் வெளிநாட்டவர். குடியுரிமைச் சட்டத்தில் 2003 திருத்தம் வந்த பிறகு, உரிய ஆவணமின்றி வந்தவர்கள் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’. தோணியில் உயிர் தப்பி வந்தவர் விசா எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்பது அதன் உட்பொருள். 2019 குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளின் ஆறு மதத்தவருக்கு அந்தச் சொல்லிலிருந்து விலக்குக் கொடுத்தது. இலங்கையிலிருந்து வந்த இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும் கொடுக்கவில்லை. ஏன் என்பதற்கு மனம் ஏற்கும்படியான விளக்கம் இன்றுவரை இல்லை.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான ஒரு கதை உண்டு. 1975இல் சைகோன் விழுந்ததும் வியட்நாமியர் லட்சத்துக்கும் மேல் அங்கே போனார்கள். கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ அருகே ஒரு அகதி முகாமுக்கு வந்துபோன நடிகை டிப்பி ஹெட்ரன், அங்கிருந்த பெண்கள் சிலருக்கு நகம் அழகுபடுத்தும் தொழிலைக் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். நெயில் சலூன் தொழிலே பிறகு வியட்நாமியர் கைக்கு வந்தது. 1980களின் முடிவில் சோவியத் உக்ரைனிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் பெந்தகொஸ்தே, பாப்டிஸ்ட் குடும்பங்கள் அதே சாக்ரமெண்டோவில் வந்து குவிந்தன. அவர்கள் கட்டட வேலைக்கும் லாரித் தொழிலுக்கும் போனார்கள். மொழி, மதம், நிறம், தொழில் எதிலும் இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒட்டில்லை. ஆனால் 1989இல் வந்த லாடன்பர்க் திருத்தம் இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அகதியாக ஏற்கப்பட்டவர் ஓராண்டு கழித்து நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம், பின்னர் குடியுரிமையும் கேட்கலாம். அங்கே முற்றிலும் வேறான இரு மக்களுக்கு ஒரே தாள் கிடைத்தது. இங்கே ஒரே மொழி பேசி ஒரே சாமியைக் கும்பிடும் மக்களுக்கு வெவ்வேறு தாள். அகதிகளை அமெரிக்கா எப்போதும் இப்படித் தாங்கியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த இரண்டு கூட்டத்துக்கும் பனிப்போர் அரசியல் கைகொடுத்தது. ஈழத்தவருக்கு இந்திய அரசியல் ஒருமுறை கைகொடுத்து, பிறகு கையை இழுத்துக்கொண்டது.

தமிழ்நாடு அரசு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின் 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். 7,469 வீடுகள், குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் உதவித்தொகை, முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று புதுப் பெயர். வேலூர் மேல்மொணவூர் முகாமிலேயே அடிக்கல் நாட்டப்பட்டது. நல்ல வீடுகள். ஆனால் குடியுரிமை தரும் அதிகாரம் மாநிலத்திடம் இல்லை. மாநிலம் தன்னால் முடிந்த உதவி எல்லாம் செய்தாலும், அந்த வீட்டுக்குள் இருப்பவர் வெளிநாட்டவர்தான்.

2025 மே மாதம், ஓர் ஈழத்தமிழரின் வழக்கில், எல்லா நாட்டு அகதிகளையும் ஏற்க இந்தியா தர்மசத்திரம் அல்ல என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அடுத்த நான்கு மாதத்தில் மத்திய உள்துறை ஒரு சலுகை அறிவித்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள்மீது, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகள் பாயாது. நாற்பது ஆண்டு கழித்தாவது இது வந்ததே என்று மகிழலாம். ஆனால் சிறைக்குப் போகாமல் இருக்கும் உரிமையை வைத்துக்கொண்டு வேலையும் வீடும் வாங்க முடியாது.

இங்கே குடியுரிமை கொடுத்தால் ஈழத்தில் தமிழர் எண்ணிக்கை குறையும், அங்குள்ள அரசியல் கோரிக்கை பலவீனப்படும் என்று ஒரு வாதம் நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அரசியலின் செலவை முகாமில் பிறந்து, யாழ்ப்பாணத்தை யூடியூபில் மட்டும் பார்த்த பெண் எதற்குக் கட்ட வேண்டும்? போக விரும்புகிறவர் போகட்டும், இருக்க விரும்புகிறவர் இருக்கட்டும் என்று இரண்டு வழியும் திறந்திருப்பதே நேர்மை. இப்போது இரண்டும் அடைபட்டிருக்கின்றன. 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் ஆணைய உதவியோடு திரும்பிய ஒரு முதியவரைப் பலாலி விமான நிலையத்தில் இலங்கை அதிகாரிகள் கைது செய்தார்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு உரிய ஆவணமின்றி நாட்டைவிட்டு வெளியேறினார் என்பது குற்றச்சாட்டு.

செய்ய வேண்டியதற்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2004இல் பாகிஸ்தானிலிருந்து வந்த இந்துக்களுக்குக் குடியுரிமை வழங்கும் அதிகாரத்தைக் குஜராத், ராஜஸ்தான் மாவட்ட ஆட்சியர்களிடமே மத்திய அரசு கொடுத்தது. முகாம்கள் உள்ள தமிழ்நாட்டு ஆட்சியர்களுக்கும் அதைக் கொடுக்கலாம். முதலில் இங்கேயே பிறந்தவர்கள், அடுத்து சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் விடுபட்டுப்போன மலையகக் குடும்பங்கள், பிறகு மற்றவர்கள். ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற முத்திரையை நீக்க 2019 சட்டத்தின் நாடுகள் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்த்தால் போதும். முகாமில் இருப்பவர்களையும் வெளியே இருப்பவர்களையும் கூட்டினாலும் லட்சம் பேர்கூட வரமாட்டார்கள். இன்றைவிடப் பலமடங்கு ஏழையாக இருந்த இந்தியா, அரிசிக்கு வரிசை நின்ற அந்த 1960களில், பர்மாவிலிருந்து மட்டும் அதைவிட அதிகம் பேரைத் தமிழ்நாட்டில் குடிமக்களாக ஏற்று, கடன் கொடுக்க ஒரு வங்கியும் தொடங்கியது.