உண்ண மறுக்கும் மழலை

புள்ளலூர் என்னும் பெயர் வரலாறு கற்றோர்க்குப் போர்க்களத்தையே நினைவூட்டும். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் தன் பகைவரை அங்கே வென்றான் எனக் காசாக்குடிச் செப்பேடு கூறும். 1780 செப்டம்பர் 10ஆம் நாள் ஐதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அவ்வூர்ப் புறத்தே முறியடித்தனர். அப்போர்கள் ஓய்ந்து நெடுங்காலம் ஆயிற்று. எனினும் காஞ்சி, உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்களில், ஏன், தமிழர் வாழும் இடமெங்குமே, நாள்தோறும் மும்முறை நடைபெறும் போர் ஒன்று உண்டு. ஒருபுறம் சோற்றுக் கிண்ணத்துடன் அன்னை. மறுபுறம் வாயை இறுக மூடிக்கொண்ட ஒன்றரை வயது மழலை. இப்போரில் வெற்றி பெரும்பாலும் மழலைக்கே!

“சாமி, புள்ள ஒரு வாய் சோறு திங்க மாட்டேங்குது, தலைமேல கைவச்சு செபம் பண்ணுங்க” என்று வீடு சந்திக்கச் செல்லும் இடங்களில் தாய்மார் நம்மிடம் முறையிடுவதுண்டு. செபிக்க நமக்குத் தயக்கமில்லை. ஆனால், அருகில் நிற்கும் மாமியார், “இவளுக்கு ஊட்டத் தெரியவில்லை” என்பார். அண்டை வீட்டார் கண்ணேறு என்பார். இளந்தாயோ தலை கவிழ்ந்து கண்ணீர் உகுப்பாள். குழந்தையின் வயிறு மட்டுமன்று, ஒரு தாயின் மனமும் இங்கே வாடுகின்றது. ஆகவே இத்திங்கள் இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதற்கண் அறிய வேண்டுவது ஒன்று. பிறக்கும்போது மூன்று கிலோ எடையுள்ள குழந்தை ஓராண்டு நிறைவில் ஏறத்தாழ ஒன்பது கிலோ எடையை எய்துகின்றது. இரண்டாம் ஆண்டிலோ அது கூடுதலாகப் பெறுவது இரண்டு அல்லது இரண்டரைக் கிலோ மட்டுமே. வளர்ச்சியின் வேகம் தணியும்போது பசியும் தணிவது இயற்கை. மேலும், நடக்கக் கற்ற குழந்தைக்கு உலகமே விளையாட்டுக் களம். “வேண்டாம்” என்னும் சொல்லின் ஆற்றலையும் அது அப்பொழுதுதான் கண்டுகொள்கின்றது. இவ்வியல்பை அறியாத பெற்றோர் இதனை நோயென்று அஞ்சி, வற்புறுத்தத் தொடங்குகின்றனர். வற்புறுத்த வற்புறுத்தக் குழந்தை உணவையே வெறுக்கின்றது.

குழந்தைக்குத் தன் வயிற்றின் அளவு தெரியுமா? 1926இல் அமெரிக்க நாட்டில் கிளாரா டேவிஸ் என்னும் பெண் மருத்துவர் இதனைச் சோதிக்கத் தொடங்கினார். தாய்ப்பால் மறந்த பதினைந்து குழந்தைகளின் முன்னே பால், முட்டை, இறைச்சி, கனி, காய், தானியம் என முப்பத்து நான்கு எளிய உணவுகள், வேளைக்குச் சிலவாக, வைக்கப்பெற்றன. செவிலியர் எதையும் புகட்டலாகாது; குழந்தை கை நீட்டினால் மட்டுமே கரண்டியை நீட்ட வேண்டும். ஒரு வேளை ஒன்றையே தின்றும், மறுவேளை அதனைத் தொடாமலும் விட்ட அக்குழந்தைகள், நாட்கணக்கில் நோக்குமிடத்துத் தமக்கு வேண்டிய அளவு உண்டு நன்கு வளர்ந்தன. ஆயினும் இச்சோதனையின் சூட்சுமம் உணவுப் பட்டியலிலேயே இருந்தது என்று அம்மருத்துவரே தெளிவுபடுத்தினார். அதில் இனிப்புப் பண்டம் ஒன்றும் இல்லை. நல்லுணவு மட்டுமே இருந்தது. எதை வைப்பது என்பது பெரியோர் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் உரிமை.

அவ்வாறாயின், எந்தக் குழந்தையைப் பற்றியும் கவலை கொள்ள வேண்டாவோ? அங்ஙனம் சொல்வதும் தவறே. 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள சிறாரில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. நால்வரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இன்றி இருந்தனர். இயல்பாகவே குறைவாக உண்ணும் குழந்தையையும் உண்மையாகவே மெலியும் குழந்தையையும் பிரித்தறிவது எங்ஙனம்?

இதற்கு நம் தமிழகமே வழிகாட்டியது. 1980இல் உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிற்று. ஆறு முதல் முப்பத்தாறு மாதம் வரையுள்ள குழந்தைகள் திங்கள்தோறும் எடை போடப்பெற்றனர். எடை அட்டையிலே புள்ளியாகக் குறிக்கப்பெற்றது. எடை ஏறாது தேங்கிய குழந்தைக்கு மட்டும் சத்துருண்டை ஏறத்தாழ மூன்று மாதம் வழங்கப்பெற்றது, தேறியபின் நிறுத்தப்பெற்றது. இடையே தாய்க்கு ஊட்டும் முறையும் கற்பிக்கப்பெற்றது. அத்திட்டம் பிற்காலத்தில் அங்கன்வாடிப் பணியோடு இணைந்துவிட்டது. ஆயினும் அது கற்பித்த பாடம் நிலைத்து நிற்கின்றது: கிண்ணத்தில் மிஞ்சிய சோற்றைப் பாராதே, தராசைப் பார்!

ஆதலின், அன்னையரே, மாதம் ஒருமுறை தவறாது அங்கன்வாடிக்குச் சென்று எடை போடுங்கள். அட்டையில் கோடு மேல்நோக்கிச் செல்லுமாயின், மீந்த சோற்றைக் கண்டு கலங்க வேண்டா. கோடு படுத்துவிட்டாலோ, இறங்கினாலோ, அன்றே செவிலியரிடம் காட்டுங்கள். கண்ணிமையும் நாவும் வெளுத்தல், மண்ணையும் சுண்ணாம்பையும் தின்னல், இரு வாரத்திற்கு மேற்பட்ட காய்ச்சல் அல்லது இருமல், ஓயாத வயிற்றுப்போக்கு ஆகியவை மருத்துவரிடம் செல்ல வேண்டிய அடையாளங்கள். இரு பாதங்களும் வீங்கினாலோ, ஆறு மாதம் கடந்த குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலோ ஒருநாளும் தாமதியாதீர். சோகையே பசியைக் கெடுக்கும். பசியின்மையோ சோகையை வளர்க்கும். எனவே இரும்புச்சத்து மருந்தையும், ஓராண்டு நிறைந்தபின் ஆண்டுக்கு இருமுறை தரும் குடற்புழு மாத்திரையையும் அலட்சியம் செய்யலாகாது.

இனி, இல்லத்தில் செய்யத்தக்கவை. பசியைத் திருடும் கள்வரை முதலில் வெளியேற்றுக. தேநீரும் பிஸ்கட்டும் முதற் கள்வர். கடையில் தொங்கும் உறைத் தின்பண்டங்கள் அடுத்தவர். பாலும் அளவு மிஞ்சினால் கள்வனே. ஒரு வயதுக்கு மேல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேற்பட்ட பசும்பால் சோற்றின் இடத்தைப் பிடிப்பதோடு சோகைக்கும் வழி வகுக்கும். தாய்ப்பாலை இரண்டு வயது வரை தாராளமாகத் தருக; ஆனால் உணவு வேளையில் முதலில் உணவு, பிறகு பால்.

அடுத்து, வேளை. நாளில் மூன்று அல்லது நான்கு வேளை உணவு, இடையே ஓரிரு சிற்றுணவு எனக் காலம் வரையறுத்தால் பசி தானே வந்து கதவைத் தட்டும். தட்டில் இரண்டு மூன்று கரண்டி மட்டும் வையுங்கள். வேண்டுமெனில் மீண்டும் கேட்கட்டும். அரை மணி நேரத்திற்குள் உண்ணவில்லையெனில், கடிந்துரையாது தட்டை எடுத்துவிடுங்கள். மூக்கைப் பிடித்துப் புகட்டுதல் கொடுமை மட்டுமன்று. புரையேறினால் உயிருக்கே தீங்கு. கைப்பேசியைக் காட்டி ஊட்டினால், குழந்தை எதை உண்கிறோம் என்றும் அறியாது, எப்போது நிறைந்தது என்றும் அறியாது. “கீரை தின்றால் மிட்டாய் தருவேன்” என்னும் பேரமும் வேண்டா. அதனால் மிட்டாயின் மதிப்பு ஏறும், கீரையின் மதிப்பு இறங்கும். புதிய உணவை ஒருமுறை துப்பினால் கைவிடாதீர். பத்துமுறை, பதினைந்துமுறை சிறிது சிறிதாக முன்வைத்தால் நா பழகிவிடும்.

எதை ஊட்டுவது? நீர்த்த கஞ்சியும் வெறும் இரசச் சோறும் சிறு வயிற்றை நிரப்புமேயன்றி வலிமை தாரா. குழையப் பிசைந்த பருப்புச் சோற்றில் ஒரு கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ, கெட்டியான கேழ்வரகுக் கூழ், முட்டை, முள் நீக்கிய மீன், மசித்த முருங்கைக் கீரை, வாழைப்பழம், அங்கன்வாடியில் தரும் சத்துமாவு ஆகியவை போதும். விலையுயர்ந்த டப்பா மாவு தேவையில்லை. வேர்க்கடலையைப் பொடித்தே தருக. முழுக் கடலை மூச்சுக்குழலை அடைக்கும். நோயுற்றுத் தேறிய குழந்தைக்கு இரு வாரம் நாளுக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள். இழந்த எடை மீளும்.

தந்தையர்க்கும் ஒரு சொல். நடவுக்கும் களையெடுப்புக்கும் விடியுமுன் செல்லும் தாய், அந்தியில் களைத்து வந்து அவசரமாக ஊட்டுகின்றாள். குழந்தை மறுத்தால் பழியும் அவளுக்கே. இது நீதியன்று. மாலையில் ஒரு வேளையேனும் தந்தை குழந்தையை அருகில் அமர்த்தித் தம் தட்டோடு உண்ணச் செய்யட்டும். பெரியோர் சுவைத்து உண்பதைக் கண்டே சிறியோர் உண்ணக் கற்கின்றனர். பாட்டிமாரும் மருமகளைக் குறைகூறுவதை விடுத்து, பகலில் பேரப்பிள்ளைக்கு வேளை தவறாது ஊட்டும் அன்புப் பணியை ஏற்பாராக.

இவ்வாரமே எடை அட்டையைத் தேடி எடுங்கள். கடைசிப் புள்ளி எந்த மாதத்தில் வைக்கப்பெற்றது என்று பாருங்கள். அதற்குப் பின் மாதங்கள் கடந்திருப்பின், நாளைக் காலையே அங்கன்வாடிக்குப் புறப்படுங்கள்.