பள்ளிக்கு வெளியே நடந்தது என்று கைகழுவலாமா?



என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன் திங்கட்கிழமை வந்தாலே வயிற்றுவலி என்று படுத்துக் கொள்வாள். கஷாயம் வைத்துக் கொடுத்தேன், சாமிக்குக் காசு முடிந்து வைத்தேன். கொடுத்தனுப்பிய சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. "வயசுப் பொண்ணு, அப்படித்தான் இருப்பா" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நானும் நம்பிவிட்டேன்.

விஷயம் வேறு. எங்கள் ஊர் கோட்டைக் கடற்கரையில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து அவள் முகத்தை மட்டும் வெட்டி, கீழே ஒரு கேலிப் பெயரையும் எழுதி, வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரூப்பில் 'ஸ்டிக்கர்' ஆக்கி விட்டிருக்கிறார்கள். யார் எதைப் பேசினாலும் பதிலுக்கு அந்த முகம்தான் வருமாம். மறுநாள் வகுப்பில் இவள் பதில் சொல்ல எழுந்தாலே பின் பெஞ்சில் சிரிப்பு. இதை என்னிடம் சொன்னது அவள் தோழியின் அம்மா.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ போனைப் புடுங்கிடுவேம்மா" என்றாள்.

பொய்யில்லை, பிடுங்கத்தான் செய்திருப்பேன்.

பள்ளிக்குப் போனேன். "ராத்திரி வீட்டுல, செல்போன்ல நடந்தது. ஸ்கூல் காம்பவுண்டுக்கு வெளியே நடக்கறதுக்கு நாங்க என்னம்மா பண்ண முடியும்?" என்று தலைமை ஆசிரியை கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

மயிலாடுதுறையில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் என் அண்ணன்தான் விளக்கினார். 1996-ல் சிதம்பரத்தில் பொன். நாவரசு என்ற மருத்துவ மாணவர் ராகிங் கொடுமையில் கொல்லப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அதன்பின் தமிழக அரசு 1997-ல் ராகிங் தடைச் சட்டம் கொண்டு வந்தது. கல்லூரிக்குத்தான் அந்தச் சட்டம் என்று நினைத்திருந்தேன். 'கல்வி நிறுவனம்' என்றுதான் அதில் இருக்கிறதாம். மாணவருக்கு உடலிலோ மனதிலோ கேடு, பயம், அவமானம் உண்டாக்கும் செயல் எல்லாமே அதில் ராகிங். நிறுவனத்துக்கு உள்ளே மட்டுமல்ல, வெளியே நடந்தாலும் குற்றம். புகார் வந்தும் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், அவரும் உடந்தையாகவே கருதப்படுவார். செல்போன் இல்லாத காலத்திலேயே 'உள்ளேயும் வெளியேயும்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நாம்தான் படிக்கவில்லை!

அதோடு, பிள்ளைகள் கைக்குச் செல்போன் வந்ததே 2020-ல் கொரோனா சமயத்தில் பாடம் நடத்தத்தானே? எங்கள் பள்ளியில் இன்றும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. பாடம் வரும் வழியாகத்தான் கேலியும் வருகிறது. பாடம் மட்டும் பள்ளியைச் சேர்ந்தது, கேலி வீட்டைச் சேர்ந்தது என்றால் நியாயமா?

ஜெயிலுக்கு அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த ஸ்டிக்கரைச் செய்ததே ஐந்தாம் வகுப்பு வரை என் மகளுடன் ஒரே தட்டில் சாப்பிட்ட பெண்தான். அதுவும் குழந்தைதானே?

கடைசியில் கைகொடுத்தவர் வகுப்பு ஆசிரியை. "அவ கொஞ்ச நாளா இடம் மாறி உக்காருறா, கை தூக்குறதே இல்ல. எனக்கும் உறுத்திச்சு" என்றார். வயிற்றுவலி எனக்குத் தெரியும், சிரிப்பு அவருக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

அவர் செய்ததை எல்லாப் பள்ளிகளும் செய்யலாம். முதலில், குரூப்பில் வந்ததை அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தார். என் மகளை வகுப்பு முன்னால் நிறுத்தவில்லை. தனியே கூப்பிட்டுக் கேட்டார். செய்த பிள்ளைகளையும் அவர்கள் அம்மாக்களையும் ஒவ்வொருவராக வரவழைத்துப் பேசினார். எல்லாரும் ஸ்டிக்கரை அழித்தார்கள். எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. ஆனால் சாப்பாட்டு டப்பா இப்போது காலியாகத் திரும்பி வருகிறது.

ஆபாசமாகப் படத்தை மாற்றிப் போட்டிருந்தால் பள்ளிக்குள் பேசி முடிக்கக் கூடாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் அது போக்சோ சட்டத்தில் வரும். தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லாமல் மறைப்பதும் குற்றம். 2016-ல் சேலம் மாவட்டத்தில் இப்படி மாற்றிய படம் முகநூலில் வந்ததால் ஒரு பட்டதாரிப் பெண் உயிரை விட்டாள். வீட்டார் புகார் கொடுத்தும் நடவடிக்கை தாமதமானது. மாவட்ட போலீஸ் அதிகாரியே பிறகு மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு வந்தது, மகள் வரவில்லையே!

சகோதரிகளே, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராமல், 'செல்போன் கேலி என்று புகார் வந்தால் யாரிடம் சொல்வது? எத்தனை நாளில் விசாரிப்பீர்கள்?' என்று கேளுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் பிள்ளைகளின் நோட்டில் எழுதி வையுங்கள்.

முக்கியமாக, 'நீ சொன்னால் போனைப் பிடுங்க மாட்டேன்' என்று இன்றைக்கே உங்கள் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்ல எனக்குத்தான் இத்தனை நாளாயிற்று.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தரங்கம்பாடி.