பழைய வேட்டி ஒன்று, பைகள் ஐந்து!

கறிவேப்பிலை வாங்கப் போகிறோம். கையில் பை இல்லை. கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் பையை உருவி எடுத்து, அதில் போட்டுக் கொடுக்கிறார். நாமும் வாங்கிக் கொண்டு வருகிறோம்.

இந்தப் பைக்குத் தமிழ்நாட்டில் தடை உண்டு. தடை பற்றிய அறிவிப்பு 2018 ஜூன் 5-ந் தேதி சட்டசபையில் வெளியானது. 2019 ஜனவரி 1-ந் தேதி தடை அமலுக்கு வந்தது. ஒரு தடவை பயன்படுத்தி வீசி எறியும் 14 வகைப் பொருள்கள் தடை செய்யப்பட்டன.

அப்படியிருந்தும் பிளாஸ்டிக் பை ஒழியவில்லை. காரணம் என்ன?

சட்டம் ஒரு பையை வேண்டாம் என்றது. அதற்குப் பதிலாக வேறு பை கையில் இருக்க வேண்டும் அல்லவா? அந்தப் பை எங்கிருந்து வரும்? இதுதான் கேள்வி.

மஞ்சப்பை வந்த கதை

ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு துணிப் பை இருந்தது. கல்யாண வீட்டில் தாம்பூலம் கொடுத்த மஞ்சள் பையே பிறகு காய்கறிப் பையாகும். பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பையும் அதுவே. பிறகு பிளாஸ்டிக் பை இலவசமாக வந்தது. மஞ்சப்பை எடுத்துப் போகிறவரை "பட்டிக்காடு" என்று கேலி செய்யும் காலமும் வந்தது.

2021 டிசம்பர் 23-ந் தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். 2022-ம் ஆண்டில் சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் ஓர் எந்திரம் வைக்கப்பட்டது. அதில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை வரும்.

இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

131 தடவை!

துணிப் பை சும்மா வந்து விடுவதில்லை. பருத்தி விளைய வேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டும். பிறகு நூல் நூற்க வேண்டும், நெய்ய வேண்டும், சாயம் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மின்சாரமும் எரிபொருளும் செலவாகின்றன.

இங்கிலாந்து நாட்டின் சுற்றுச்சூழல் துறை 2011-ம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டது. பூமி சூடாவதைப் பொறுத்த கணக்கு அது. ஒரு புதிய பருத்திப் பையைக் குறைந்தது 131 தடவை பயன்படுத்த வேண்டும்; அப்போதுதான் அது மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாகும் என்று அந்தக் கணக்கு கூறியது. வாரத்துக்கு இரண்டு தடவை கடைக்குப் போனால், 131 தடவை ஆக ஒன்றே கால் ஆண்டு பிடிக்கும்.

சாக்கடையை அடைக்கும் பிளாஸ்டிக்கும், மாட்டின் வயிற்றில் சேரும் பிளாஸ்டிக்கும் இந்தக் கணக்கில் சேரவில்லை. எனவே பிளாஸ்டிக் பையே மேல் என்று பொருள் அல்ல. புதுப் புதுத் துணிப் பையாக வாங்கி அலமாரியில் அடுக்குவதால் பயன் இல்லை என்பதே பொருள்.

வழி என்ன? ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பழைய துணிதான் வழி. அதற்காகப் புதிதாகப் பருத்தி விளைய வேண்டியதில்லை.

வேட்டிக் கணக்கு

ஒரு பழைய நாலு முழ வேட்டியை எடுத்துக் கொள்வோம். நைந்த ஓரத்தைக் கழித்து விட்டால் 72 அங்குல நீளமும் 50 அங்குல அகலமும் தேறும். அதை 36 அங்குல நீளம், 16 அங்குல அகலமுள்ள துண்டுகளாக வெட்டினால் ஆறு துண்டு கிடைக்கும்.

ஐந்து துண்டுகளை இரண்டாக மடித்துப் பக்கங்களைத் தைத்தால் ஐந்து பை. ஆறாவது துண்டை 18 அங்குல நீளம், 3 அங்குல அகலமுள்ள பட்டைகளாக வெட்ட வேண்டும். பத்துப் பட்டை வரும். பைக்கு இரண்டு கைப்பிடி வீதம் ஐந்து பைக்கும் சரியாகி விடும்.

தைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பை எங்கே கிழியும்? கைப்பிடியைத் தைத்த இடத்தில்தான் கிழியும். அந்த இடத்தில் ஒரே வரியாகத் தைத்தால் போதாது. சதுரமாகத் தைத்து, அதன் நடுவே பெருக்கல் குறி போலக் குறுக்கே இரண்டு தையல் போட வேண்டும். அப்போது கனம் அந்தச் சதுரம் முழுவதும் பரவும். மூன்று கிலோ காய் போட்டாலும் கைப்பிடி பிய்ந்து வராது.

இதைப் புத்தகத்தில் படிக்கலாம். செல்போனில் படமாகவும் பார்க்கலாம். ஆனால், "நூல் இறுகி விட்டது, கொஞ்சம் தளர்த்து" என்று செல்போன் சொல்லாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழிதான் சொல்வாள். அதனால்தான் இந்தக் கைவேலை வீட்டுக் கூடத்தில் நன்றாகப் பரவுகிறது. ஒருத்தி வீட்டில் தையல் எந்திரம் இருக்கும். ஒருத்தி பழைய துணி கொண்டு வருவாள். ஒருத்திக்கு வெட்டத் தெரியும். நாலு பேர் கூடினால் ஒரு மாலைப் பொழுதில் நாலு பேரும் கற்றுக் கொள்ளலாம்.

காகிதக் கவர்: ஓர் எச்சரிக்கை

துணிப் பையோடு காகிதக் கவர் செய்யவும் பலர் கற்றுக் கொடுக்கிறார்கள். பழைய செய்தித் தாளை மடித்து, மைதாப் பசை போட்டு ஒட்டினால் கவர் தயார். வளையல் கடைக்கும் பொட்டுக் கடைக்கும் இது நன்றாக உதவும்.

ஆனால், தின்பண்டத்துக்கு இது கூடவே கூடாது. அச்சு மையில் உடம்புக்குக் கெடுதலான பொருள்கள் இருக்கின்றன. சூடான வடையும் பஜ்ஜியும் பட்டால் எண்ணெயோடு மை கலந்து விடும். உணவைச் செய்தித் தாளில் பொதிவதை மத்திய அரசாங்கத்தின் 2018-ம் ஆண்டு விதிகள் தடை செய்கின்றன. பூச்சி அரிக்காமல் இருக்கச் சிலர் பசையில் மயில்துத்தம் கலப்பதும் உண்டு. அது விஷம். கவர் மடிக்கச் சொல்லிக் கொடுப்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கற்றுக் கொடுத்தால் பிழைப்பு போய் விடுமா?

தைக்கத் தெரிந்த பெண்ணுக்கு ஒரு பயம் உண்டு. "நான் கற்றுக் கொடுத்தால் நாளைக்கு அவளே எனக்குப் போட்டியாக வந்து விட்டால்?" இந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு பை தைக்க 15 நிமிடம் ஆகிறது என்று வைத்துக் கொள்வோம். எட்டு மணி நேரம் உழைத்தால் 32 பை. ஒரு கல்யாண வீட்டார் 500 தாம்பூலப் பை கேட்டால், தனி ஒருத்திக்குப் பதினாறு நாள் ஆகும். முகூர்த்தம் அதுவரை காத்திருக்காது. வேலை கைநழுவிப் போகும். தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தால், நாலே நாளில் முடித்து விடலாம். கற்றுக் கொடுத்தவளுக்கு நட்டம் இல்லை, லாபம்தான்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கூலி பைக்கு 2 ரூபாய் என்றால், 32 பைக்கு 64 ரூபாய்தான். 5 ரூபாய் என்றாலும் 160 ரூபாய்தான். 100 நாள் வேலைத் திட்டத்தில் 2024-25-ம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த நாள் கூலி 319 ரூபாய். அதில் பாதியளவே தையல் தெரிந்த பெண்ணுக்குக் கிடைக்கிறது. அந்த 319 ரூபாய் வர வேண்டுமானால், பைக்கு 10 ரூபாய் கூலி வேண்டும். எந்திரத்தில் ஒரு பையின் விலையே 10 ரூபாய்தான்!

"வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் தைப்பதுதானே" என்று சொல்லித்தான் கூலியைக் குறைக்கிறார்கள். தோழிகளுக்குள்ளேயே ஒருத்தி 3 ரூபாய்க்கும், இன்னொருத்தி 2 ரூபாய்க்கும் ஒத்துக் கொண்டால், வேலையும் கெடும், நட்பும் கெடும்.

சேர்ந்து நின்றால் இதைத் தடுக்கலாம். 1989-ம் ஆண்டில் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. பிறகு மாநிலம் முழுவதும் பரவின. அந்த முறையையே இங்கும் கையாளலாம். துணியையும் நூலையும் மொத்தமாக வாங்க வேண்டும். எல்லோரும் ஒரே கூலி கேட்க வேண்டும். இத்தனை நிமிட வேலைக்கு இத்தனை ரூபாய் என்று எழுதி வைத்துக் கொண்டு பேச வேண்டும்.

வீட்டுக்கு வேண்டிய பையை வீட்டிலேயே தைத்துக் கொள்ளலாம். அதற்குக் கூலிக் கணக்கு வேண்டியதில்லை. ஊருக்குத் தைக்கும்போது கணக்கு அவசியம். கைவேலையைத் தோழிக்கு இலவசமாகக் கற்றுக் கொடுக்கலாம். கை உழைப்பை யாருக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை பழைய வேட்டியைக் கரித்துணி ஆக்கும் முன்பு, ஐந்து பையை நினைத்துப் பாருங்கள். அதில் ஒன்றை வாசல் ஆணியில் மாட்டி வையுங்கள். கடைக்குப் புறப்படும்போது கண்ணில் படட்டும்!