ஓய்வும் ஊழியமும்

ஊழியத்திலே சோர்வு வருதல் குற்றமன்று. சோர்வையே முடிவென்று கொள்வதுதான் பிழை. சமவெளியின் வெயிலுக்கு ஆற்றாத மிஷனெரிமார் கோடையிலே இளைப்பாறச் சென்ற இடங்களுள் சேர்வராயன் மலைமேலுள்ள ஏர்க்காடும் ஒன்று. அத்தகைய ஓய்வைப் பழித்தல் தகாது. ஆயினும், இளைப்பாறுதல் திரும்பிச் செல்லுதற்கேயன்றித் தங்கிவிடுதற்கன்று.

இதற்குச் சான்று அண்மையிலேயே உண்டு. சேர்வராயன் மலைக்குத் தெற்கேயுள்ள கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்டு என்பவர், மனைவியார் எவ்லினுடன் மருத்துவமும் கல்வியும் அளித்துழைத்து, 1929ஆம் ஆண்டில் காய்ச்சலால் மரித்தார். அம்மையாரோ பணியைக் கைவிட்டாரல்லர். 1947இல், தமது 68ஆம் வயதில், மிஷன் சங்கப் பணியினின்று ஓய்வு பெற்றும், தாய்நாடு சென்று தங்காமல் கல்வராயன் மலையேறினார். மட்டக்குதிரைமேல் அமர்ந்தும், முதுமையில் மூங்கிற்கோல் இரண்டை ஊன்றியும், மலையூர்களுக்குச் சென்றார். 1974இல், 95ஆம் வயதில், மரணமே அவரை ஓய்வித்தது.

அவருக்குச் சோர்வே இல்லையோ? கணவரை அம்மலையிலே அடக்கஞ்செய்த நெஞ்சம் சோர்வறியாதென்று யார் கூறுவர்? பெரும்பலனை எண்ணி ஏங்காமல், அடுத்த ஊரின் நோயாளியை நினைந்து நடந்தமையே அவரைத் தாங்கிற்றென்பது என் கருத்து.

மாணவ நண்பர்களே, நாமும் இன்றைய கடமையை இன்று செய்வோமாக. இளைத்தால் மலையேறி இளைப்பாறுவோம், இறங்கிவர மறவாதிருப்போம்.