மைலேஜும் மதிமயக்கமும்

மோட்டார் வண்டி வாங்க எண்ணும் நம் நாட்டார் முதற்கண் வினவும் வினா, "லிட்டருக்கு எத்தனை கொடுக்கும்?" என்பதே. தேவதானப்பட்டிக் கடைவீதியில் இருசக்கர வண்டிக்கு விலை பேசும் இளைஞரும், கம்பம் பள்ளத்தாக்கினின்று ஏலத்தோட்டத் தொழிலாளரை நாடோறும் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக மலைமேல் ஏற்றிச் செல்லும் ஜீப்பின் உடையவரும் இவ்வொரு வினாவையே கேட்பர். வினா நன்றே. ஆயினும், விடையாக வரும் எண்ணைக்கொண்டு நாம் செய்யும் தீர்மானங்களுட் பல பிழைபடுகின்றன. அப்பிழையால் வீணாவது நம் கைப்பொருள். ஆதலின் அவ்வெண்ணின் இயல்பு யாது, அதனை எங்ஙனம் மாற்றி அறிதல் வேண்டும் என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

'மைலேஜ்' என்னுஞ் சொல்லே பழையதோர் அளவையின் எச்சமாகும். ஆங்கிலேயர் காலத்தில் நம் சாலைகளில் மைற்கற்கள் நின்றன. பெட்ரோல் காலன் கணக்கில் விற்கப்பட்டது. வண்டியின் சிக்கனமும் காலனுக்கு இத்தனை மைல் என்றே கூறப்பட்டது. 1956-ஆம் ஆண்டு நிறை அளவைச் சட்டத்தின் பயனாக, 1958 முதற் படிப்படியாக மெட்ரிக் முறை நாடெங்கும் வழக்கிற்கு வந்தது. மைலும் காலனும் மறைந்தன. சொல் மட்டும் மறையவில்லை. கிலோமீட்டரில் அளந்து 'மைலேஜ்' என்று பெயரிட்டு அழைக்கின்றோம்.

பெயர் எதுவாயினும் ஆகுக. அயல்நாட்டு நூல்களைப் படிப்போரும், அயல்நாடுகளில் வாழும் நம் பழைய மாணவரும் ஒன்றைக் கருத்தில் வைத்தல் வேண்டும். காலன் என்பது ஒன்றன்று, இரண்டு. இங்கிலாந்தின் காலன் 4.546 லிட்டர், அமெரிக்காவின் காலன் 3.785 லிட்டர். மைல் 1.609 கிலோமீட்டர். எனவே இங்கிலாந்துக் கணக்கிலுள்ள எண்ணை 0.354 ஆலும், அமெரிக்கக் கணக்கிலுள்ள எண்ணை 0.425 ஆலும் பெருக்கின், லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். காலனுக்கு 40 மைல் என்று இரு நாட்டுப் பத்திரிகைகளும் எழுதினால், இங்கிலாந்து வண்டி லிட்டருக்கு 14.2 கிலோமீட்டரும், அமெரிக்க வண்டி 17 கிலோமீட்டரும் ஓடுவதாகப் பொருள். எண் ஒன்றே, பொருள் வேறு.

ஐரோப்பாக் கண்டத்து நாடுகள் பலவற்றில் கணக்கைத் தலைகீழாக வைத்துள்ளனர். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேளாது, 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று அவர் கேட்பர். இம்மாற்றம் மிக எளிது. நூறை நம் எண்ணால் வகுத்தால் அவர் எண் வரும். நூறை அவர் எண்ணால் வகுத்தால் நம் எண் வரும். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்பது 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர். 25 என்பது 4. 10 என்பது 10. நம் கணக்கில் எண் பெருகப் பெருக நன்மை. அவர் கணக்கில் எண் சுருங்கச் சுருங்க நன்மை.

இரண்டும் ஒன்றையே கூறுவன எனின், எதனைக் கொண்டால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் மதி மயங்குகின்றது. ஒரு குடும்பத்தில் ஜீப்பு ஒன்றும் மோட்டார் சைக்கிள் ஒன்றும் உள்ளன. இரண்டும் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகின்றன என்று கொள்வோம். ஜீப்பு லிட்டருக்கு 8 கிலோமீட்டரும், மோட்டார் சைக்கிள் 50 கிலோமீட்டரும் ஓடுவன. ஜீப்பைச் செப்பனிட்டால் 8 என்பது 10 ஆகும். மோட்டார் சைக்கிளை மாற்றினால் 50 என்பது 60 ஆகும். இவற்றுள் ஒன்றற்கே பணம் உண்டெனின் எதனைச் செய்வது? பத்து கிலோமீட்டர் உயர்வு, இரண்டு கிலோமீட்டர் உயர்வினும் பெரிதன்றோ என்று பலரும் கூறுவர். கணக்கிட்டுப் பார்மின்! ஜீப்பிற்கு மாதம் 125 லிட்டர் தேவையாயிருந்தது, இனி 100 போதும். மிச்சம் 25 லிட்டர். மோட்டார் சைக்கிளுக்கு 20 லிட்டர் தேவையாயிருந்தது, இனி ஏறத்தாழ 16.7 போதும், மிச்சம் 3.3 லிட்டரே. லிட்டர் நூறு ரூபாய் எனக் கொண்டால், ஒன்றில் மாதம் 2,500 ரூபாய் மிஞ்சும். மற்றொன்றில் 330 ரூபாய்தான் மிஞ்சும். ஐரோப்பியர் முறையில் எழுதியிருந்தால், 12.5 என்பது 10 ஆவதும், 2 என்பது 1.67 ஆவதும் கண்ணெதிரே தோன்றியிருக்கும்.

இம்மயக்கம் கல்லாதார்க்கே உரியதென்று எண்ணற்க. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து ஆசிரியர்களாகிய ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்னும் இருவர், கற்றோரும் இவ்வாறே ஏமாறுவதை ஆராய்ந்து, 2008-ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' என்னும் பத்திரிகையில் எழுதினர். பின்னர் அந்நாட்டு அரசாங்கம் 2013-ஆம் ஆண்டு மாடல்கள் தொடங்கிப் புதுக் கார்களில் ஒட்டும் சீட்டில், காலனுக்கு மைல் என்பதனோடு, 100 மைலுக்கு எத்தனை காலன் என்பதையும் அச்சிடச் செய்தது.

நிற்க. மலையடிவாரத்தில் வாழும் நமக்கு இதனால் விளையும் நன்மை மற்றொன்றும் உண்டு. தேவதானப்பட்டிக்கு அருகே தொடங்கும் கோடைக்கானல் மலைச்சாலையில், ஒரு வண்டி 48 கிலோமீட்டர் ஏறுங்கால் லிட்டருக்கு 8 கிலோமீட்டரும், அதே தூரம் இறங்குங்கால் 24 கிலோமீட்டரும் ஓடிற்றென்று வைத்துக்கொள்வோம். சராசரி யாது? எட்டையும் இருபத்துநான்கையும் கூட்டிப் பாதியாக்கிப் பதினாறு என்பர் பலர். அது பிழை. ஏற்றத்திற்கு 6 லிட்டர், இறக்கத்திற்கு 2 லிட்டர், ஆக 8 லிட்டரில் 96 கிலோமீட்டர், சராசரி பன்னிரண்டே. வகுப்பில் 'இசைச் சராசரி' என்று மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவது இதனையே. 100 கிலோமீட்டருக்கு லிட்டர் என்னும் முறையில் 12.5, 4.17 என்னும் எண்களைக் கூட்டிப் பாதியாக்கினாலே சரியான விடை வந்துவிடும்.

ஏற்றத்திற்கு இத்துணைச் செலவு ஏன் எனின், பௌதிக சாஸ்திரம் விடை கூறும். அடிவாரத்திற்கும் கோடைக்கானலுக்கும் உயர வேற்றுமை ஏறத்தாழ 1,800 மீட்டர். இரண்டு டன் எடையுள்ள வண்டியை அவ்வுயரத்திற்குத் தூக்க வேண்டிய ஆற்றல், ஒரு லிட்டர் டீசலில் அடங்கியுள்ள ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமம். ஆயின் எஞ்சினோ எரிபொருளின் ஆற்றலில் மூன்றிலொரு பங்கு அளவே வேலையாக மாற்றும். எஞ்சியது வெப்பமாய்ப் போம். ஆகவே ஏற்றத்திற்கு மட்டும் மூன்று லிட்டர் செலவாகும். இறங்குங்கால் அவ்வாற்றலிற் பெரும்பகுதி பிரேக்கிலும் எஞ்சினிலும் வீணாகின்றது. சமவெளியில் எடுத்த 'மைலேஜை' மலைவழிக்கு நம்பிச் சவாரிக் கூலி பேசுவோர் நட்டமடைவது இதனாலேயே.

லிட்டருக்குக் கிலோமீட்டர் என்னும் முறையில் நன்மையே இல்லையோ எனின், உண்டு. தொட்டியில் இரண்டு லிட்டரே எஞ்சியுள்ளது, வத்தலக்குண்டு வரை செல்லுமா என்று அறிய வேண்டுவோனுக்கு அதுவே தக்க அளவை. எரிபொருள் நிலையாக இருந்து, தூரம் மாறுமிடத்து அது பயன்படும். ஆனால் நம் அன்றாட வாழ்வில் நிலையாக இருப்பது வழியே. தோட்டம் இருக்குமிடத்திலேயே இருக்கும். சந்தையும் கல்லூரியும் இடம் பெயரா. வழி நிலைத்திருக்க, செலவே மாறுகின்றது. வேளைக்கு எத்தனை ஆழாக்கு அரிசி என்று கணக்கிடும் நம் அன்னையரின் முறையே வண்டிக்கும் தக்க முறையாம்.

நம் அரசாங்கமும் இதனை அறியாததன்று. கார் உற்பத்தியாளர்க்கு 2017-18 முதல் விதித்த சராசரி எரிபொருள் வரம்பு, 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் பெட்ரோல் என்னும் முறையிலேயே வகுக்கப்பட்டது. சட்டத்தில் ஓர் அளவை, கடையில் ஓர் அளவை என்பது முறையாகுமா? விளம்பரங்களிலும் வண்டியின் சீட்டிலும் இரண்டனையும் சேர்த்து அச்சிடல் வேண்டும் என்பது எம் கருத்து.

அதுகாறும் மாணவர் வாளாவிருத்தல் வேண்டா. தொட்டியை விளிம்புவரை நிரப்பி, ஓட்டமானியின் எண்ணைக் குறித்துக்கொள்க. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் விளிம்புவரை நிரப்புக. இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரை நூறால் பெருக்கி, ஓடிய தூரத்தால் வகுத்திடுக. விற்போர் கூறும் எண்ணினும், ஏட்டிலுள்ள எண்ணினும், அவ்வாறு கண்ட எண்ணே உங்கள் வீட்டுக்கு உரியது. தந்தையார் அடுத்த வண்டிக்கு விலை பேசப் புறப்படுமுன் அதனை அவர் கையில் எழுதிக் கொடுப்பின், கற்ற கல்வி வீட்டிற்குப் பயன்பட்டதாகும்.